டயல் டோன் வருகிறது, சரி... மணி அடிக்கிறதா?

வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டில் லேண்ட்லைன் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, "சத்தம் வருதே, நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அந்தச் சத்தத்துக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் 48 வோல்ட் டிசி போதும். மணி அடிக்க, சுமார் 75 வோல்ட் ஏசி தனியாக வர வேண்டும். அதை வாங்கி ஒலிக்கும் பகுதியும் போனுக்குள் நன்றாக இருக்க வேண்டும். டயல் டோன் இருந்தும் மணி செத்துப்போன போன்கள் ஏராளம்.

சோதிக்க ஒரு மொபைல் போதும். 0, எஸ்டிடி கோடு, பிறகு வீட்டு எண் (சென்னையென்றால் 044, அதன்பின் எட்டு இலக்கம்). மொபைலில் என்ன கேட்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பிசி டோன் என்றால் மாடியிலோ படுக்கையறையிலோ இன்னொரு ரிசீவர் சரியாக உட்காரவில்லை. சுருள் வயர் அடியில் மடங்கி, ஹூக் பொத்தான் முழுதாக அமுங்காமல் நிற்கும், பார்வைக்குத் தெரியாது. அறிவிப்பு வந்தால் கால் ஃபார்வர்டும் பில் பாக்கியும் பாருங்கள்.

மொபைலில் ரிங் போகிறது, வீட்டில் சத்தமே இல்லை: பலரும் ஏமாறுவது இங்கேதான். அந்த ரிங் ஓசையை எக்ஸ்சேஞ்ச்தான் தருகிறது, உங்கள் போன் அல்ல. முதலில் போனின் பக்கவாட்டிலோ அடியிலோ உள்ள ரிங்கர் சுவிட்ச். பிறகு மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வயர் உள்ள சாதாரண போன் ஒன்றை நேராக ரொசெட் பெட்டியில் (வெளியிலிருந்து வரும் லைன் வீட்டுச் சுவரில் வந்து சேரும் சிறு பெட்டி) மாட்டுங்கள். அது அடித்தால் பழைய போனின் மணிப் பகுதியில்தான் கோளாறு. பெரும்பாலும் ஒரு சிறு கெப்பாசிட்டர். அதுவும் அடிக்காவிட்டால் லைன்மேனைக் கூப்பிட வேண்டியதுதான். மணி வரும் நேரத்தில் ரொசெட் திருகுகளை வெறும் கையால் தொடாதீர்கள், ஷாக் அடிக்கும்.

மழைக்காலத்தில் இன்னொன்று நடக்கும்: ஒரு மணி அடித்ததும் கட்டாகிவிடும். ஈரம் ஏறிய இணைப்பில் மின்சாரம் கசிய, ரிசீவரை எடுத்துவிட்டதாக எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்கிறது. ரொசெட்டைத் திறந்தால் திருகில் பச்சைப் பாசிபோல் களிம்பு படிந்திருக்கும். புகார் கொடுக்கும்போது "போன் வேலை செய்யல" என்று சொல்லாமல், "ஒரு மணி அடிச்சதும் கட்டாகுது" என்றே சொல்லுங்கள். லைன்மேன் இன்சுலேஷனைச் சோதிக்க அது ஒன்றே போதும்.

ஃபைபர் இணைப்பில் மணிக்கான மின்சாரத்தை வீட்டுக்குள் இருக்கும் மோடம் பெட்டியே கொடுக்கிறது. கரண்ட் போனால் போனும் ஊமை. அதனால் இந்தச் சோதனையை மெயின் சுவிட்சை அணைத்தும் ஒருமுறை செய்யுங்கள். மணி வரவில்லையென்றால் அந்தப் பெட்டிக்கு ஒரு சிறிய யுபிஎஸ் வாங்கி வையுங்கள்.