கார்த் தகட்டின் துளைக்கு ஏற்ற அடைப்பான்

காரின் தரைவிரிப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால், அடித்தகட்டில் ரப்பராலோ பிளாஸ்டிக்காலோ மூடிய வட்டத் துளைகள் தெரியும். தொழிற்சாலையில் பாடி முழுவதையும் பிரைமர் (துரு தடுக்கும் அடிப்பூச்சு) நிரம்பிய தொட்டியில் முக்கி எடுக்கும்போது, மூடிய பகுதிகளுக்குள் பிரைமர் புகவும் காற்று வெளியேறவும் மிச்சம் வடியவும் இத்துளைகள் உதவுகின்றன; பிறகு அடைக்கப்படுகின்றன. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மழையில் ஏற்காடு ஏறும் வண்டியில் ஓர் அடைப்பான் விழுந்திருந்தால்கூட, சக்கரம் வாரியடிக்கும் நீர் விரிப்புக்கு அடியில் தேங்கித் தகட்டை உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும்.

புதிய அடைப்பான் வாங்கும்போது பலர் துளையின் விட்டத்தை மட்டுமே அளக்கிறார்கள். தகட்டின் தடிமனும் அதே அளவு முக்கியம். அடைப்பானின் பள்ளத்துக்கு இருபுறமும் உதடு போன்ற விளிம்புகள் உண்டு. உள்ளே தள்ளும்போது சுருங்கும் உதடு மறுபுறம் சென்று விரிந்தபின், தகட்டின் விளிம்பு அந்தப் பள்ளத்தில் அமர்கிறது. இரு உதடுகளும் தகட்டை அழுத்துவதால்தான் நீர் தடுக்கப்படுகிறது. பாடித் தகடு பெரும்பாலும் 0.7 முதல் 1 மில்லிமீட்டர் வரை இருக்கும். இரு தகடுகள் சேரும் இடத்திலும், டிங்கரிங் பட்டறையில் ஒட்டு வைத்த இடத்திலும் அது இரட்டிப்பாகும். அங்கே மெல்லிய தகட்டுக்கான பள்ளம் போதாது, உதடு விரியவே விரியாது. தடித்த தகட்டுக்கான அடைப்பானை மெல்லிய தகட்டில் பொருத்தினால் அது ஆடும்.

இடத்தைப் பார்த்தே பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஈ.பி.டி.எம். ரப்பர் வெயிலையும் ஓசோனையும் நன்கு தாங்கும், ஆனால் எண்ணெயும் பெட்ரோலும் பட்டால் உப்பிவிடும். எண்ணெய் கசியக்கூடிய இடத்துக்கு நைட்ரைல் ரப்பரே பொருத்தம். பெயின்ட் உலர்த்தும் அடுப்பின் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும் பசை வளையமுள்ள தொழிற்சாலை அடைப்பான்களும் உண்டு. அந்தச் சூடு பட்டறையில் கிடைக்காததால், அவற்றை வெறுமனே அழுத்திப் பொருத்துவதில் பயனில்லை.

எந்த அடைப்பானாக இருந்தாலும், துளையின் விளிம்பில் துருவைச் சுரண்டி, பிரைமர் பூசிக் காயவிட்ட பின்னரே பொருத்த வேண்டும். துரு தின்று நீள்வட்டமாகிய துளைக்குப் பெரிய அடைப்பானைத் திணிப்பது தவறு. அங்கே தகட்டையே வெட்டி ஒட்ட வேண்டும். கூடுதலாக சீலன்ட் (இடுக்கை மூடும் பசை) தேவைப்பட்டால், வினிகர் வாடை வீசும் சிலிக்கோனைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அது உலரும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் இரும்பை அரிக்கும்.

கதவின் அடிவிளிம்பிலும் கதவுக்குக் கீழே காலை வைத்து ஏறும் படிப்பகுதியின் அடியிலும் உள்ள சிறு துளைகளை மட்டும் ஒருபோதும் அடைக்கக் கூடாது. கண்ணாடியின் ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீரும் படிப்பகுதிக்குள் புகும் நீரும் அவற்றின் வழியாகத்தான் வடிகின்றன.