புழுவைப் படம் எடுக்கும் முன் செடியைப் பாருங்கள்

"தோட்டத்தில் இப்படி ஒரு புழு. இதுவரை பார்த்ததே இல்லை. விஷமா?" என்று கேட்டு எனக்கு வரும் படங்களில் பெரும்பாலும் புழு மட்டும்தான் இருக்கும். பிடித்து ஒரு வெள்ளைத்தாளில் விட்டு, வெகு பக்கத்தில் எடுத்திருப்பார்கள். கொம்பும் புள்ளியும் தெளிவாகத் தெரியும், எந்தச் செடியில் இருந்தது என்பது தெரியாது. பூச்சியியல் வேலையில் நாங்கள் முதலில் கேட்பதே அதைத்தான். பல வகைப் புழுக்கள் குறிப்பிட்ட சில செடிகளைத் தவிர வேறு எதையும் தின்பதில்லை. அதனால் செடியின் பெயரைச் சொன்னாலே பாதி விடை கிடைத்துவிடும்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எலுமிச்சைச் செடியில் வளரும் எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு, சிறிதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே இருக்கும். கடைசியாகத் தோலுரித்த பிறகு பச்சை நிறம். இரண்டையும் ஒரே செடியில் பார்ப்பவர் இரண்டு வேறு பூச்சிகள் என்றுதான் நினைப்பார். அந்தப் பச்சைப் புழுவை லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒரு செம்மஞ்சள் உறுப்பு சட்டென்று நீளும், கூடவே ஒரு நெடியும் வரும். பயந்து நசுக்கிவிடுகிறார்கள். பாவம், அது எறும்பையும் மற்ற எதிரிகளையும் விரட்டத்தான். நம்மை ஒன்றும் செய்யாது.

அரளியில் விரல் நீளத்துக்கு ஒரு பருத்த பச்சைப் புழு, முன்பக்கம் இரண்டு நீலக் கண்கள், வால் பக்கம் ஒரு கொம்பு என்றால் அது ஹாக் மாத் வகை அந்துப்பூச்சியின் புழு. அந்தக் கண்கள் வெறும் புள்ளிகள், கொம்பும் கொட்டாது. கூட்டுப்புழுவாக மாறும் முன் இது பழுப்பாகி, செடியை விட்டு இறங்கித் தரையில் நடக்கும். பலர் இதை முதன்முதலில் பார்ப்பதே அப்போதுதான். உடனே மருந்தைத் தேடுகிறார்கள். அது தின்று முடித்தாயிற்று, இனி அடிக்கும் மருந்து வீண்.

அப்புறம், கால்களை எண்ணுங்கள். தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி உண்மையான கால்கள், வயிற்றுப் பகுதியில் சதைப்பற்றான போலிக்கால்கள் அதிகபட்சம் ஐந்து ஜோடி. போலிக்கால் ஆறு ஜோடியோ அதற்கு மேலோ இருந்தால் அது வண்ணத்துப்பூச்சியோ அந்துப்பூச்சியோ ஆகாது. குளவி இனத்தைச் சேர்ந்த ரம்ப ஈயின் புழுவாக இருக்கும். இலைப்புழுக்களுக்கு வழக்கமாகத் தெளிக்கும் பி.டி. நுண்ணுயிர் மருந்து இதனிடம் வேலை செய்யாது. எண்ணாமல் தெளித்தால் பணமும் நேரமும் போகும், புழு மட்டும் அப்படியே இருக்கும்.

உடம்பெல்லாம் மயிரோ முள்ளோ இருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள். சுணைக்காதவையும் உண்டுதான், ஆனால் எது சுணைக்கும் என்பதைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டாம். செத்த புழு, உரித்த தோல், பின்னிய கூடு ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் மயிரும் அரிக்கும். மேலே பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்து மயிரை எடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். கண்ணில் பட்டாலோ, மூச்சுத் திணறல் வந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

புழுவின் முதுகில் சின்னச் சின்ன வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் தயவுசெய்து அதைக் கொல்லாதீர்கள். பலர் அவற்றை முட்டை என்று நினைக்கிறார்கள். ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சுகள் புழுவின் உள்ளே வளர்ந்து, வெளியே வந்து கட்டிய கூடுகள் அவை. அந்தப் புழு எப்படியும் பிழைக்காது. ஆனால் அதிலிருந்து வரும் குளவிகள் அடுத்த புழுக்களைத் தேடிப் போகும்.

சரி, இவ்வளவு பார்த்தும் தெரியவில்லையா? அது தின்றுகொண்டிருந்த இலையோடு காற்றோட்டமான ஒரு டப்பாவில் போட்டு, அடியில் கொஞ்சம் ஈரமண் பரப்பி, தினமும் அதே செடியின் புது இலை வையுங்கள். வளர்ந்து வெளிவரும் பூச்சியை வைத்து எதுவென்று கண்டுபிடிக்கலாம். மயிர்ப்புழு என்றால் கிளையோடு வெட்டி எடுங்கள். யாரிடமாவது கேட்பதானால் பக்கவாட்டுப் படம், மேலிருந்து ஒன்று, பக்கத்தில் ஒரு அளவுகோல், செடியின் இலையும் பூவும் தெரிய இன்னொன்று அனுப்புங்கள்.