25 வருட வாரண்டி, கம்பெனி எத்தனை வருடம்?

சோலார் போடலாமா என்று கேட்டு வருகிறவர்கள் கோட்டேஷனில் முதலில் பார்ப்பது மொத்தத் தொகை, அடுத்து "25 வருட வாரண்டி" என்ற வரி. பினாங்குத் தீவிலும் அக்கரையில் பிறை, பட்டர்வொர்த் பக்கமும் வீட்டுக்கூரைகளில் பேனல் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். பேனல்கள் முன்பைவிட இப்போது நன்றாகவே வருகின்றன, அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அவற்றைச் செய்கிற கம்பெனிகள் நிலைத்து நிற்பதில்லை, இதை யாரும் கோட்டேஷனில் எழுதித் தருவதுமில்லை.

2008 வாக்கில் உலகத்திலேயே அதிகமாக சோலார் செல் செய்தது ஜெர்மனியின் கியூ-செல்ஸ். நம் சைபர்ஜெயாவிலும் ஆலை போட்டார்கள். 2012 ஏப்ரலில் திவால். தென்கொரியாவின் ஹன்வா வாங்கிக்கொண்டது. கியூ-செல்ஸை முந்தி உச்சிக்கு வந்த சீனாவின் சன்டெக், 2013ல் வூஷி நகரத்தில் திவால் நீதிமன்றத்தில் நின்றது. பானசோனிக் கூலிமில் செய்துகொண்டிருந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது, எல்ஜி 2022ல் பேனல் தொழிலே வேண்டாம் என்று விலகியது, அமெரிக்காவின் சன்பவர் 2024 ஆகஸ்ட்டில் திவால் மனு கொடுத்தது. இவர்களில் யாரும் மட்டமான சரக்கு விற்றவர்கள் இல்லை. பானசோனிக், சன்பவர் பேனல்களைக் கூரையில் பார்த்தால் எனக்கு இன்னமும் ஒரு மரியாதை வரும்.

இப்போது முழு வலுவும் சீனாவிடம். பாலிசிலிக்கான் என்ற மூலப்பொருள், அதை உருக்கி வெட்டும் மெல்லிய தகடான வேஃபர், அதிலிருந்து செய்யும் செல், செல்களைச் சேர்த்த பேனல் என்று எந்தக் கட்டத்தை எடுத்தாலும் உலக உற்பத்தித் திறனில் 80 விழுக்காட்டுக்கு மேல் அங்கேதான் என்று அனைத்துலக எரிசக்தி முகவாண்மை 2022லேயே சொல்லிவிட்டது. வேஃபரில் கிட்டத்தட்ட எல்லாமே. அந்த வருடம் பாலிசிலிக்கான் கிலோ 300 யுவான் வரை போனது. விலையைப் பார்த்து ஆளாளுக்கு ஆலை கட்டினார்கள், அத்தனையும் ஒரே சமயத்தில் ஓட ஆரம்பித்தது, 2024 கடைசியில் அதே பாலிசிலிக்கான் கிலோ 40 யுவான். பேனல் ஒரு வாட் 10 அமெரிக்க காசுக்கும் கீழே இறங்கியது. உலகம் முழுக்க ஒரு வருடத்தில் பொருத்துவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு செய்யும் அளவுக்கு ஆலைகள் நிற்கின்றன. பெரிய கம்பெனியான லோங்கிக்கே 2024ல் 800 கோடி யுவானுக்கு மேல் நஷ்டம் என்றால், பெயர் தெரியாத சின்னக் கம்பெனிகளின் கதையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர் சமாச்சாரத்தையும் சொல்லவேண்டும். கூலிமில் ஃபர்ஸ்ட் சோலார், பினாங்கில் ஜின்கோ, ஜேஏ சோலார், கூச்சிங்கில் லோங்கி என்று ஒரு காலத்தில் வரிசையாக வந்தார்கள். இங்கே செய்த சரக்கில் பெரும் பகுதி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது, நம் கூரைக்கு வருவதோ பெரும்பாலும் சீனாவிலிருந்து. 2012ல் அமெரிக்கா சீனப் பேனல்களுக்கு வரி போட்டதும், அந்த வரியைத் தாண்ட ஒரு படிக்கல்லாகத்தான் சீனக் கம்பெனிகளுக்குத் தென்கிழக்காசியா பயன்பட்டது. அப்புறம் அமெரிக்கா இங்கேயும் கை வைத்தது. மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா நான்குக்கும் 2025ல் வரி உறுதியாயிற்று. கம்போடியாவின் சில நிறுவனங்களுக்கு 3,500 விழுக்காட்டையும் தாண்டியது, மலேசியாவில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். லாவோஸ், இந்தோனேசியா என்று நகர்ந்தவர்கள் மீதும் அதே வருடம் வழக்கு வந்துவிட்டது. ஆக, "லோக்கல்ல ஃபேக்டரி இருக்கு, கவலைப்படாதீங்க" என்று ஒரு விற்பனையாள் சொன்னால் அதை ஒரு உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆலை உங்களை நம்பி ஓடவில்லை.

சரி, இதெல்லாம் கூரைமேல் எப்படி வந்து நிற்கிறது? போன வருடம் பிறையில் ஒரு மாடி வீட்டில் மரக்கிளை விழுந்து ஒரு பேனல் உடைந்துபோனது. "ஒண்ணுதானே தம்பி, புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுடுங்க" என்றார் வீட்டுக்கார அக்கா. அது 2016 வாக்கில் வந்த 60 செல் பேனல், 270 வாட், அளவு 1650க்கு 992 மில்லிமீட்டர். அந்த அளவில் இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது. இன்றைய 430 வாட் பேனல் 1722க்கு 1134; அகலத்தில் மட்டும் 14 சென்டிமீட்டர் கூடுதல், பழைய இடைவெளியில் உட்காராது. பழைய சட்டம் 40 மில்லிமீட்டர் தடிமன், புதியது 30, அதனால் பேனலை அழுத்திப் பிடிக்கும் பழைய கிளாம்ப் இதற்குப் பிடிக்காது. இவ்வளவும் சமாளித்து ஓரத்தில் பொருத்தினாலும், அது 13 ஆம்பியர் தரக்கூடியது, வரிசையில் மற்றவை 9 ஆம்பியர்கூட முழுசாகத் தராதவை. தொடரிணைப்பில் குறைந்த ஆம்பியர்தான் ஓடும், புதிய பேனலின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு வீண். கடைசியில் வேறொரு வீட்டில் கழற்றிய பழைய பேனலைத் தேடிப்பிடித்து, சோதித்துப் பார்த்துப் போட்டோம். செய்த கம்பெனிக்குப் போன மின்னஞ்சலுக்கு இன்றுவரை பதில் இல்லை.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் சிலதைக் கேளுங்கள். வாரண்டி என்பது இரண்டு: பொருளுக்கானது பெரும்பாலும் 12 அல்லது 15 வருடம், மின் உற்பத்திக்கானது 25 அல்லது 30. விளம்பரத்தில் பெரிதாக அச்சடிப்பது இரண்டாவதை. ஆனால் அதைக் கோர வேண்டுமென்றால் பேனல் குறிப்பிட்ட அளவுக்கும் கீழே போய்விட்டது என்று அளந்து நிரூபிக்க வேண்டும், அந்தச் சோதனைச் செலவும் அனுப்பும் செலவும் யாருடையது என்று சின்ன எழுத்தில் எங்கோ இருக்கும், படியுங்கள். இங்கே இறக்குமதி செய்தவர் யார், அவர் பெயரில் கடிதம் கிடைக்குமா என்று கேளுங்கள். "டியர் ஒன் பிராண்டு" (Tier 1, முதல் நிலைப் பட்டியலில் உள்ளது) என்ற வார்த்தைக்கு மயங்க வேண்டாம். புளூம்பெர்க் என்இஎஃப் என்ற ஆய்வு நிறுவனம் போடும் அந்தப் பட்டியல் அந்தப் பேனல்களை நம்பி வங்கிகள் கடன் கொடுக்கின்றனவா என்பதைப் பார்த்துத் தயாராவது. தரச் சோதனை இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். ஒவ்வொரு பேனலின் சீரியல் எண்ணையும் கூரையில் ஏற்றும் முன் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள், ஏறின பிறகு யாரும் எடுக்கமாட்டார்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட உபயோகமானது இரண்டு பேனல் கூடுதலாக வாங்கி வீட்டுப் பின்பக்கம் நிமிர்த்தி வைத்துக்கொள்வது. இன்றைய விலையில் அது பெரிய காசே இல்லை.

பொருத்தும் ஆட்களையும் கொஞ்சம் கவனியுங்கள். முன்பு 3.2 மில்லிமீட்டர் கண்ணாடி ஒன்று இருந்தது, இப்போதைய இருபக்கக் கண்ணாடிப் பேனல்களில் 2 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு. தலையில் தூக்கி ஏணி ஏறுவது, மேலே மிதித்து நடப்பது இதெல்லாம் இனி ஆகாது. கிளாம்ப் பிடிக்க வேண்டிய இடம் தயாரிப்பாளர் கையேட்டில் இருக்கும். பேனல் கம்பிகளை இணைக்கும் கனெக்டர்களிலும் கவனம் வேண்டும், பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு பிராண்டுகளை மாட்டிவிட்டால் சில வருடத்தில் சூடாகி உருகலாம்.

விலை இன்னும் இறங்கும், பொறுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஏற்றுமதிக்குத் திருப்பித் தந்துகொண்டிருந்த 13 விழுக்காடு வரியை சீனா 2024 டிசம்பரில் 9 ஆகக் குறைத்துவிட்டது, நஷ்டத்தில் விற்றவர்களும் உற்பத்தியைக் குறைக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் விலை ஏறவும் செய்யலாம். அப்படியே இறங்கினாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாட் 10 அமெரிக்க காசு என்ற ஆலை விலையில் 5 கிலோவாட்டுக்குப் பேனல் 500 அமெரிக்க டாலர். உங்கள் கோட்டேஷனில் மீதி இன்வெர்ட்டர், கம்பி, சட்டம், கூலி, அனுமதி வேலை. பேனல் வாட்டுக்கு இன்னும் ஒரு அமெரிக்க காசு இறங்கினால் உங்களுக்கு மிச்சமாவது சுமார் இருநூறு ரிங்கிட்.