மூடிப்போன நம்பருக்குப் போகும் ஓடிபி

அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா வீட்டிலேயே கேட்டரிங் நடத்துகிறார். போன ஆவணியில் ஒருநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் அவரிடமிருந்து போன் வந்தது. "தம்பி, ஜிமெயில் உள்ளே விடமாட்டேங்குது. நாளன்னைக்கு முகூர்த்தம். யாருக்கு எத்தனை இலை, யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தாங்க, எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு."

பெங்களூரில் சிறு தொழில் செய்கிறவர்களுக்கு கம்ப்யூட்டர், மெயில், பேக்கப் இவற்றைப் பார்த்துக்கொடுப்பதுதான் 16 வருடமாக என் வேலை. இப்படிப்பட்ட காலை நேர அழைப்புகள் மாதத்துக்கு இரண்டாவது வந்துவிடும். அக்காவின் போன் தண்ணீர் அண்டாவுக்குள் விழுந்துவிட்டது. புதுப் போன் வாங்கி மெயிலைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. பழைய போனில் ஒருமுறை போட்டதோடு சரி, எட்டு வருடமாக அதைத் தட்டச்சு செய்ய வேண்டிய தேவையே வரவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் மகன் பெயர், கடைப் பெயர், பிறந்த வருடம் என்று முப்பது தடவைக்கு மேல் முயன்றிருந்தார்.

'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்பதைத் தொட்டோம். கடைசி இரண்டு இலக்கம் மட்டும் காட்டி, ஒரு நம்பருக்குக் குறியீடு அனுப்புவதாகச் சொன்னது. அது மகனின் பழைய நம்பர். கணக்கு தொடங்கிக் கொடுத்த நாளில் அவர் தன் நம்பரையே போட்டிருக்கிறார். அப்புறம் வேலைக்காக வெளிநாடு போய்விட்டார், இங்கே சிம்மை யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தோம். யாரோ ஒரு பெண் கன்னடத்தில் பேசினார், ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்.

இதில் அந்தப் பெண்ணின் தவறு ஒன்றும் இல்லை. துண்டிக்கப்பட்ட நம்பரைக் குறைந்தது 90 நாள்களுக்கு வேறு யாருக்கும் தரக்கூடாது என்பது இங்குள்ள விதி. அதற்குப் பிறகு கொடுக்கலாம். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைத்தான் தெரிவித்தது. பழைய நம்பரோடு ஒட்டியிருக்கும் தன் தகவல்களைப் பாதுகாத்துக்கொள்வது முன்பு அதை வைத்திருந்தவரின் பொறுப்பு என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நம்பரை விடும்போது வங்கியில் மாற்ற நினைவு வருகிறது, காஸ் புக்கிங்கில் மாற்ற நினைவு வருகிறது. மெயில் கணக்கில் மாற்ற வேண்டும் என்று பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் மற்ற எல்லாக் கணக்குக்கும் பாஸ்வேர்டு மாற்றும் வழி அந்த மெயில் வழியாகத்தான் போகிறது.

பாஸ்வேர்டை மாற்றுவது வேறு, ரீசெட் செய்வது வேறு. பழையது தெரிந்திருந்தால் அதைக் கொடுத்துப் புதியதைப் போடுகிறோம். அது இரண்டு நிமிட வேலை. ரீசெட் என்பது, பழையது தெரியாத நிலையில் 'இந்தக் கணக்கு என்னுடையதுதான்' என்று வேறு வகையில் நிரூபிப்பது. அந்த நிரூபணம் எதை வைத்து நடக்க வேண்டும் என்று நாம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். மீட்பு நம்பர், மீட்பு மெயில், முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும் பேக்கப் குறியீடுகள் எல்லாம் அதற்காகத்தான். பூட்டிய பிறகு இவற்றைச் சேர்க்க முடியாது.

அக்காவிடம் நான் முதலில் சொன்னது, புதுப் போனில் முயற்சி செய்வதை நிறுத்துங்கள் என்றுதான். கணக்கை மீட்கும்போது கூகுள் பதிலை மட்டும் பார்ப்பதில்லை. வழக்கமாகப் பயன்படுத்தும் கருவியா, வழக்கமான இடமா என்றும் பார்க்கிறது. "வீட்ல வேற எதுலயாவது இந்த மெயில் போட்டிருக்கீங்களா அக்கா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, பேரன் பாட்டு பார்க்கிற டேப்லெட் ஒன்று பீரோ மேல் கிடப்பதாகச் சொன்னார். ஓரம் விரிசல் விட்டு, சார்ஜ் சுத்தமாக இறங்கிக் கிடந்தது. அரை மணி நேரம் சார்ஜ் போட்டு, வீட்டு வைஃபையில் இணைத்தோம். அதே கணக்கு உள்ளே திறந்தே இருந்தது. மறுபடி ரீசெட் கொடுத்ததும், 'கணக்கை மீட்க முயல்வது நீங்கள்தானா?' என்று டேப்லெட் திரையில் கேட்டது. 'ஆம்' என்பதைத் தொட அக்காவின் விரல் தயங்கியது. தொட்டார். புதுப் பாஸ்வேர்டு போடும் பக்கம் வந்துவிட்டது.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. சிலருக்கு மணிக்கணக்கில், சிலருக்கு நாள்கணக்கில் காத்திருக்கச் சொல்லும். சிலருக்கு முடியாது என்றே சொல்லிவிடும். பெண்ணின் கல்யாண போட்டோ முழுவதையும் அப்படி இழந்த ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டு அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இந்தப் பதற்றத்தில்தான் மோசடிக்காரர்கள் நுழைகிறார்கள். ஜிமெயில் கஸ்டமர் கேர் நம்பர் என்று தேடினால் ஏதாவது ஒரு நம்பர் கண்ணில் படும். எடுப்பவர் நல்ல தமிழிலேயே பேசுவார், ஓர் ஆப்பை இறக்கச் சொல்வார், திரையைப் பகிரச் சொல்வார். பாஸ்வேர்டு உதவி தருவதாகச் சொல்லும் எந்தச் சேவையோடும் தனக்குத் தொடர்பில்லை என்று கூகுள் தன் உதவிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. உங்கள் ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், நானே கேட்டாலும். அக்கா வீட்டில் நான் டேப்லெட்டைக் கையில் வாங்கவே இல்லை, அவரையே தொட வைத்தேன்.

இனி இன்னொரு விஷயம். பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. சிவாஜிநகரில் அச்சகம் வைத்திருக்கும் ஒருவருக்கு, உங்கள் ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது, இன்று மாலைக்குள் கணக்கு மூடப்படும் என்று மெயில் வந்திருக்கிறது. இணைப்பைத் தொட்டு பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். சந்தேகம் வந்து அன்றே மாற்றியும் விட்டார். சரியான காரியம்தான். ஆனால் இரண்டு வாரம் கழித்து அவருடைய வாடிக்கையாளர் ஒருவருக்கு இவர் பெயரிலேயே ஒரு பில் போயிருக்கிறது, வங்கிக் கணக்கு எண் மட்டும் வேறு. 84,000 ரூபாய் போய்விட்டது. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே அழைத்ததால் அதில் ஒரு பகுதியை வங்கி நிறுத்தி வைத்தது.

ஜிமெயில் அமைப்புகளுக்குள் போய் 'ஃபார்வர்டிங்' பகுதியைத் திறந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. வருகிற மெயில் எல்லாம் முன்பின் தெரியாத ஒரு முகவரிக்கும் நகல் போய்க்கொண்டிருந்தது. திருடன் உள்ளே இருந்த சில மணி நேரத்தில் இதை மட்டும் செய்து வைத்துவிட்டான். பாஸ்வேர்டு மாறினாலும் ஃபார்வர்டிங் மாறாது. அதனால் சந்தேகத்தின் பேரில் மாற்றுகிறீர்கள் என்றால் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். உங்கள் கருவிகள் பட்டியலில் தெரியாத போன் இருந்தால் வெளியேற்றுங்கள். கணக்கைத் தொட அனுமதி வாங்கிய ஆப்களில் தேவையில்லாதவற்றை நீக்குங்கள். மீட்பு நம்பரும் மெயிலும் உங்களுடையவைதானா என்று படித்துப் பாருங்கள். அவன் மீட்பு நம்பரையே மாற்றியிருந்தாலும், முந்தைய நம்பருக்குக் குறியீடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் ஏழு நாள் வரை தரக்கூடும். தள்ளிப்போடாமல் அன்றே உட்காருங்கள்.

மாதாமாதம் பாஸ்வேர்டு மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார்கள். அடிக்கடி மாற்று, எழுத்தும் குறியும் கலந்து போடு என்ற வழக்கம் பரவியதற்கு அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி ஒரு பெரிய காரணம். அதை எழுதிய பில் பர், அதில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாக 2017-இல் சொன்னார். அதே ஆண்டு வந்த புதிய வழிகாட்டி, காரணமில்லாமல் மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்றது. அலுவலகங்களில் நான் பார்ப்பதும் இதுதான்: கட்டாயப்படுத்தினால் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிவிடுவார்கள். நீளமாக, வேறு எங்கும் போடாத ஒன்றாக இருக்கட்டும். கசிந்தது என்று தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். கம்பெனி மெயிலுக்கு அட்மின் இருவராவது இருக்கட்டும், ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் இன்னொருவர் ரீசெட் செய்து தரலாம்.

அக்கா வீட்டிலிருந்து நான் உடனே கிளம்பவில்லை. மீட்பு நம்பராக அவருடைய சொந்த நம்பர், மீட்பு மெயிலாக மருமகளுடையது என்று போட்டோம். பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, எட்டு இலக்கத்தில் பத்து பேக்கப் குறியீடுகளை எடுத்தோம். ஒரு குறியீடு ஒரு முறைதான் செல்லும். போனிலேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறேன் என்றார். போன் மறுபடி அண்டாவில் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, பத்தையும் தன் கையாலேயே எழுதி, ரேஷன் கார்டு கவருக்குள் வைத்தார்.

அப்புறம் புதுப் போனில் மெயிலை வெளியேற்றிவிட்டு, என் உதவி இல்லாமல் திரும்ப உள்ளே போகச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒருமுறை தப்பாக அடித்தார். இரண்டாவது முறை திறந்ததும் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நேராக முகூர்த்தப் பட்டியலுக்குப் போய், அடுக்களைப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்: "560 இலை. வாழைமண்டிக்குப் போன் போடு."