நிறையாத செப்டிக் டேங்க்

"பதினெட்டு வருசமாச்சுங்க மேடம், ஒருக்காகூட லாரியக் கூப்பிட்டதில்ல. எங்க டேங்க் நெறையவே மாட்டேங்குது." காங்கேயம் பக்கத்திலிருந்து போர் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொண்டுவந்த பெரியவர் சொன்னார். குரலில் பெருமை. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பகீரென்றிருக்கும். ஐந்து பேர் புழங்கும் வீட்டில் டேங்க் நிறையவில்லை என்றால், உள்ளே போனதெல்லாம் எங்கே போயிற்று?

மண்ணுக்குள்தான். குழி தோண்டி நாலு உறையை இறக்கி மேலே மூடி போட்டுவிட்டால் அதற்குச் செப்டிக் டேங்க் என்று பெயர். அடியில் கான்கிரீட் இருக்காது. கொத்தனாருக்கு வேலை மிச்சம், வீட்டுக்காரருக்கு லாரிக் காசு மிச்சம். பெரியவர் வீட்டில் அங்கிருந்து பன்னிரண்டு அடியில் போர்.

அவர் கொண்டுவந்தது குளிர்பானப் பாட்டிலில். கிருமிப் பரிசோதனைக்கு அது ஆகாது. கொதிநீராவியில் சுத்தம் செய்த புட்டியைக் கொடுத்து, குழாயை ஐந்து நிமிடம் திறந்துவிட்டுப் பிடித்து, ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுவரச் சொன்னேன். முடிவு வந்தது. கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டிக்கொடுக்கும் கோலிஃபார்ம் கிருமி இருந்தது. குடிநீரில் 100 மில்லிக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. கழிவு மண்ணில் மக்கும்போது உண்டாகித் தண்ணீரில் கரையும் நைட்ரேட், லிட்டருக்கு 88 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயப்படி 45தான் எல்லை.

அவர் நம்பவில்லை. சட்டைப் பையிலிருந்து டிடிஎஸ் மீட்டரை எடுத்தார். "இதுல அறுநூத்திச் சொச்சந்தானுங்க காட்டுது?" காட்டும். கரைந்திருக்கும் உப்புகள் எவ்வளவு மின்சாரம் கடத்துகின்றன என்பதை வைத்து அது ஒரு மொத்தக் கணக்குச் சொல்லும். அதில் நைட்ரேட் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியாது, கிருமியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. (வாசலில் வந்து தண்ணீருக்குள் இரண்டு கம்பியை விட்டு, அது காவி நிறமாக மாறுவதைக் காட்டி ஆர்ஓ மெஷின் விற்கிறார்களே, அதுவும் இந்த வகைதான். நிறம் மாறுவது கம்பியிலிருக்கும் இரும்பு கரைவதால். உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் பாயாது, அதனால் கம்பியும் கரையாது.)

"காய்ச்சிக் குடிச்சா சரியாப் போயிருமுங்களா?" கிருமி சாகும். நைட்ரேட் போகாது; தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். வீட்டில் கைக்குழந்தை உண்டா என்று கேட்டேன். பேத்திக்கு நாலு மாதம், புட்டிப்பால் குடிக்கிறாள். அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கலக்கவே வேண்டாம் என்றேன். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமப்பதை நைட்ரேட் கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பூக்கும்.

எங்கள் பக்கம் தண்ணீர் கெட்டது என்றால் நொய்யல் ஆறும் திருப்பூர்ச் சாயப்பட்டறையும்தான் பேச்சு. நியாயம்தான். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பைக் கிலோக் கணக்கில் கொட்ட வேண்டும். சுண்ணாம்பு போட்டுச் சாயத்தைப் படியவைத்தார்கள், தண்ணீர் தெளிந்தது; கரைந்த உப்பு கரைந்தபடியே ஆற்றுக்குப் போயிற்று. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. அந்தத் தண்ணீர் பாய்ந்த காட்டில் பயிர் கருகியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டுக்கு ஒழுங்காக வந்தார்கள். கலர் தெளிந்தால் தண்ணீர் சுத்தம் என்று அன்றைக்கு நினைத்தோம். போர் தண்ணீர் பளிச்சென்று இருப்பதால் இன்றைக்கும் அதையேதான் நினைக்கிறோம்.

பெரியவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். டேங்கின் அடியும் சுவரும் கசியாமல் பூசியிருக்க வேண்டும். அதிலிருந்து வழியும் நீர் இறங்கும் உறிஞ்சுகுழி, குடிக்கும் போருக்கோ கிணற்றுக்கோ குறைந்தது 50 அடி தள்ளி, தாழ்வான பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வரட்டும். எடுத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று டிரைவரிடம் கேளுங்கள். ராத்திரியில் ஓடையில் கவிழ்ப்பவர்களும் உண்டு. போர் குழாயின் வாய் தரைக்கு மேலே நின்று, சுற்றிலும் சிமெண்ட் மேடை இருந்தால் மழைநீர் அழுக்கோடு உள்ளே இறங்காது. தொட்டித் தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். யூரியாவும் மாட்டுத் தொழுவமும்கூட நைட்ரேட்டைக் கூட்டும். எல்லாப் பழியையும் டேங்க் மேலேயே போட முடியாது.

ஏழு மாதம் கழித்துப் பெரியவர் மறுபடி வந்தார். அடிக்குக் கான்கிரீட் போட்டுப் புது டேங்க் கட்டிவிட்டாராம். தண்ணீரைப் பார்த்தோம். கிருமி இல்லை. நைட்ரேட் 81. "இது எப்பங்க எறங்கும்?" மண்ணில் பதினெட்டு வருடம் சேர்ந்தது, வருடக்கணக்காகும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இன்னொரு காலிப் புட்டி கேட்டார். பக்கத்து வீட்டு போருக்காம். அவருடைய பழைய டேங்குக்கும் அந்த போருக்கும் நடுவில் ஒரு மதில்தான்.