பிசிஐ எக்ஸ்பிரஸுக்குக் கடிவாளம் போடுவது எப்படி?

சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ராஸ்பெர்ரி பை 5 என்ற கையடக்கக் கணினி போர்டை வாங்கப் போகிறவர்களில் பலர், கூடவே என்விஎம்இ எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் ஒன்றையும் அதைப் பொருத்த ஓர் எம்.2 அடாப்டரையும் வாங்கி வருகிறார்கள். எஸ்டி கார்டை விட்டு எஸ்எஸ்டிக்கு மாறினால் போர்டு பறக்கும் என்பது கணக்கு. பறக்கவும் செய்யும். ஆனால் எஸ்எஸ்டியின் பெட்டியில் வினாடிக்கு 3500 மெகாபைட் என்று அச்சடித்திருக்கும். போர்டில் மாட்டிச் சோதித்தால் 450 பக்கத்தில் நின்றுவிடும். உடனே கடைக்காரர் மேல் சந்தேகம் வரும். அவர் மேல் தப்பே இல்லை. எஸ்எஸ்டி மாதிரியான சாதனங்களைச் செருக அந்த போர்டில் வெளியே கொடுத்திருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் ஒரே ஒரு லேன்தான், அதாவது தகவல் போகும் பாதைதான், இருக்கிறது. அதுவும் வாங்கும்போது ஜென் 2, அதாவது இரண்டாம் தலைமுறை, வேகத்தில் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. போர்டின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் ஜென் 3-க்குத் தாவும். தயாரிப்பாளர்களோ அந்த வேகத்துக்குச் சான்று வாங்கவில்லை, உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு வரி எழுதினால் வன்பொருளின் வேகம் மாறுகிறது என்றால், அந்த வேகம் உண்மையில் யார் கையில் இருக்கிறது?

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு லேன் என்பது இரண்டு ஜோடிக் கம்பிகள்: போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி. 2003-இல் வந்த முதல் தலைமுறையில் ஒவ்வொரு ஜோடியும் வினாடிக்கு 2.5 ஜிகாடிரான்ஸ்ஃபர், அதாவது 250 கோடி பிட், கடத்தியது. 2007-இல் அது 5 ஆனது. 2010-இல் வந்த ஜென் 3-இல் 10 ஆகியிருக்க வேண்டும், ஆனால் 8 என்று வைத்தார்கள். இது நல்ல கெட்டிக்காரத்தனம். முதல் இரண்டு தலைமுறைகளிலும் 8 பிட் தகவலை அனுப்ப 10 பிட் செலவானது. ஐந்தில் ஒரு பங்கு வீண். ஜென் 3-இல் 128 பிட்டுக்கு 130 பிட் போதும் என்று முறையை மாற்றினார்கள். அதனால் கம்பியின் வேகத்தை 8-க்கு மட்டும் உயர்த்தியே, ஒரு லேனின் கொள்ளளவை 500 மெகாபைட்டிலிருந்து ஏறக்குறைய 985-க்குக் கொண்டுபோக முடிந்தது. அதற்குப் பிறகு 16, 32, 64 என்று இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். நேற்று வந்த ஜென் 5 கார்டாகவே இருந்தாலும், மின்சாரம் வந்ததும் கார்டுக்கும் போர்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பு, அதாவது லிங்க், 2.5-இல்தான் எழுந்திருக்கும். இரு முனைகளும் பயிற்சிச் செய்திகள் எனப்படும் சின்னச் சின்னத் துண்டுகளை மாறி மாறி அனுப்பிக்கொள்ளும். எதிரே யார் இருக்கிறார்கள், எத்தனை லேன் உயிரோடு இருக்கிறது, எந்தெந்த வேகம் உனக்குத் தெரியும் என்பதெல்லாம் அந்தத் துண்டுகளிலேயே முடிவாகிவிடும். இரண்டு பேருக்கும் பொதுவான உச்ச வேகம் எதுவோ, அதற்கு லிங்க் ஏறும். 8-க்கோ அதற்கு மேலோ போவதென்றால் இன்னொரு வேலையும் உண்டு. கம்பியில் சிக்னல் எவ்வளவு மழுங்குகிறது என்று பார்த்து, அதற்கு ஈடுகட்ட அனுப்பும் முனை தன் அலைவடிவத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். இதற்கு ஈக்வலைசேஷன் என்று பெயர். இவ்வளவையும் சிப்புகள் தங்களுக்குள்ளேயே முடித்துக்கொள்கின்றன. சாதாரண பிசியில் இதெல்லாம் நடக்கும் நேரத்தில் விண்டோஸோ லினக்ஸோ நினைவகத்துக்குள் வந்திருக்கவே வந்திருக்காது.

ஆகவே வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவரால் லிங்க்குக்கு ‘இந்த வேகத்தில் ஓடு’ என்று ஆணையிட முடியாது. இதற்கு மேல் வேகம் தெரியாது என்று ஒரு முனையைச் சொல்லவைத்து, மறுபடி பேச அனுப்பலாம். அவ்வளவுதான் அதன் அதிகாரம்.

அதைச் செய்ய இரண்டு ரெஜிஸ்டர், அதாவது சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவுப் பெட்டிகள், போதும். லிங்க் கண்ட்ரோல் 2 என்ற ரெஜிஸ்டரின் கடைசி 4 பிட்டுகளில் இலக்கு வேகம் இருக்கிறது: 1 என்றால் 2.5, 2 என்றால் 5, 3 என்றால் 8. அதில் எழுதியதும் எதுவும் நடக்காது. அது வெறும் குறிப்பு. அப்புறம் லிங்க் கண்ட்ரோல் ரெஜிஸ்டரில் மறுபயிற்சிக்கான ரீட்ரெயின் பிட்டை 1 ஆக்க வேண்டும். இரு முனைகளும் ஓட்டத்தைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, புதிய உச்சவரம்போடு திரும்பப் பேசி, வேலையைத் தொடரும். லிங்க் அறுந்துபோவதில்லை என்பதால் எஸ்எஸ்டிக்குத் தன் நிலையெல்லாம் நினைவிருக்கும். பேச்சு முடிந்ததா என்பதையும் கடைசியில் எந்த வேகம் கிடைத்தது என்பதையும் லிங்க் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் படித்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சூட்சுமம். ரீட்ரெயின் பிட் வேலை செய்வது மேல்முனையில், அதாவது கார்டு செருகியிருக்கும் போர்ட்டில் மட்டும்தான். எஸ்எஸ்டியின் ரெஜிஸ்டரில் எத்தனை தடவை எழுதினாலும் பலன் இல்லை. அந்தப் போர்ட்டோ எஸ்எஸ்டி டிரைவரின் சொத்தே அல்ல. பல டிரைவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் அதை இழுத்தால் குழப்பம்தான். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 6.13 பதிப்பில் இதற்கென்றே பொதுவான ஒரு கட்டுப்பாட்டாளரைச் சேர்த்தார்கள். வேகத்தை மாற்ற நினைக்கும் எவரும் அதனிடம் கேட்க வேண்டும். அது பூட்டுப் போட்டு ஒருவருக்குப் பின் ஒருவராக மாற்றும். அதோடு, போர்ட்டைச் சூடு தணிக்கும் சாதனங்களில் ஒன்றாகவும் பதிந்துவைக்கிறது. மின்விசிறியை வேகமாக்குவது ஒரு வழி என்றால், லிங்க்கை மெதுவாக்குவது இன்னொரு வழி. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் இரவும் பகலும் ஓடும் பெட்டிக்கு இது உதவலாம். மின்கட்டணத்தில் வித்தியாசம் தெரியும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

ராஸ்பெர்ரி பை மாதிரி போர்டுகளில் கதை கொஞ்சம் வேறு. அங்கே லிங்க்கை எழுப்புவதே கர்னலில் இருக்கும் டிரைவர்தான். போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் அதிகபட்ச லிங்க் வேகம் என்று ஒரு வரி இருக்கும். டிரைவர் அதைப் படித்து, முதல் பேச்சுக்கு முன்பே இலக்கை எழுதிவிடும். போர்ட்டின் திறனாகக் காட்டப்படும் எண்ணையே கூடச் சேர்த்துக் குறைத்துவிடும். கான்ஃபிக் கோப்பில் நாம் சேர்க்கும் வரி கடைசியில் போய்ச் சேரும் இடம் இதுதான்.

சரி, ஓடக்கூடிய லிங்க்கை எதற்குக் கட்டிவைக்க வேண்டும்? சிக்னல் மழுங்குவதால்தான். செம்புத் தடமானாலும் பட்டைக் கேபிளானாலும், அதிர்வெண் கூடக் கூட இழப்பும் கூடும். ஒவ்வொரு கனெக்டரும் கொஞ்சம் சிக்னலைத் திருப்பி அடிக்கும். பை 5-இல் எஸ்எஸ்டிக்குப் போகும் அந்த மெல்லிய பட்டைக் கேபிளை ஒழுங்காகச் செருகாமல் விட்டாலே ஜென் 3 தள்ளாடும். சர்க்யூட் போர்டுகளில் சாதாரணமாகப் பயன்படும் எஃப்ஆர்4 பொருள் ஈரத்தை உறிஞ்சும்; ஈரமும் சூடும் ஏற ஏற அதில் சிக்னல் இழப்பும் ஏறும். சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. குளிரூட்டிய சோதனைக்கூடத்தில் நூலிழையில் தேறிய லிங்க், பெசன்ட் நகர் கடற்கரைக்குப் பக்கத்து வீட்டில் மே மாதம் தேறும் என்று சொல்ல முடியாது.

லிங்க் தள்ளாடினால் தகவல் கெட்டுவிடுமா என்றால், கெடாது. ஒவ்வொரு பொட்டலத்தின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. கணக்கு ஒத்துவராவிட்டால் வாங்கும் முனை மறுத்துவிடும், அனுப்பும் முனை தன்னிடம் இருக்கும் பிரதியைத் திரும்ப அனுப்பும். ரிச்சி தெருவின் சாயங்கால இரைச்சலில் மாடல் நம்பரை மடமடவென்று சொல்லி, ‘என்னது?’ என்று மூன்று தரம் கேட்கவைப்பதற்கும், ஒரே தடவை நிறுத்திச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். கர்னல் தன் செய்திகளை எழுதிவைக்கும் லாகில் ‘திருத்தப்பட்ட பிழை’ என்ற ரகச் செய்திகள் வரிசைகட்டி நின்றால், உங்கள் லிங்க் அந்த ‘என்னது?’ நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். கோப்புகள் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் 8 ஜிகாடிரான்ஸ்ஃபருக்கு ஆசைப்பட்டு 5-இன் பலன்கூடக் கிடைக்காமல் போகலாம். இன்னும் மோசமானால் எஸ்எஸ்டியே காணாமல் போய்விடும். என்னைக் கேட்டால், வீட்டில் கோப்புகளைச் சேமித்துவைக்கும் சர்வராகப் பையை ஓட்டுகிறவர்கள் ஜென் 2-ஐத் தொடாமலே விடலாம். அதன் நெட்வொர்க் போர்ட் ஜிகாபிட். வினாடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் வெளியே போக வழியில்லை.

சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் டிஸ்க்குகளில் இந்த முடிவை டிரைவரே எடுப்பது பழைய வழக்கம். பிழைகள் தொடர்ந்து வந்தால், வேகத்தை 3 ஜிகாபிட்டுக்கோ 1.5-க்கோ இறக்குகிறேன் என்று லாகில் எழுதிவிட்டு லினக்ஸ் இறக்கிவிடும். அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால், டிஸ்க்கைத் திட்டுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பிசிஐ எக்ஸ்பிரஸில் இதே யுக்தி வேறொரு விசித்திரமான நோய்க்கு மருந்தானது. ஏஎஸ்மீடியாவின் ஏஎஸ்எம்2824 என்ற, ஒரு லிங்க்கைப் பலவாகப் பிரித்துத் தரும் ஜென் 3 ஸ்விட்ச் சிப்புக்குக் கீழே பெரிகாம் நிறுவனத்தின் ஜென் 2 ஸ்விட்ச் ஒன்றை இணைத்தால், இரண்டும் 5-இல் சந்தித்திருக்க வேண்டும். சந்திக்கவே இல்லை. பயிற்சி தொடங்குவதும் முறிவதுமாக முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தன. இலக்கை 2.5 என்று கட்டியதும் லிங்க் சமர்த்தாக எழுந்துவிட்டது. அதன் பிறகு கட்டை அவிழ்த்து மறுபடி பேசச் சொன்னால், முதலில் முடியாத அதே 5-க்கு ஒழுங்காக ஏறியது! கர்னல் 6.5-இல் இந்த வைத்தியத்தைப் பொதுவாகவே சேர்த்தார்கள்: லிங்க் எழவில்லையா, முதலில் 2.5-க்கு இறக்கிப் பார்.

அதில் ஒரு பக்கவிளைவு வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலிருந்து எஸ்எஸ்டியை உருவினால், லிங்க் விழுந்ததைப் பயிற்சித் தோல்வி என்று கர்னல் தப்பாக எடுத்துக்கொண்டு போர்ட்டை 2.5-இல் கட்டிவிடும். அந்த எண் எழுதப்பட்டிருப்பது போர்ட்டில் என்பதால், அடுத்து செருகும் புத்தம் புது எஸ்எஸ்டியும் 2.5-இலேயே முடங்கியது. வைத்தியம் பலிக்காவிட்டால் பழைய இலக்கு வேகத்தைத் திரும்ப எழுதிவிட வேண்டும் என்று பிற்பாடு வந்த கர்னல்களில் திருத்தினார்கள்.