சின்னம்மா அனுப்பிய மெசினும் எங்கள் கிளினிக் கொப்பியும்: இன்சுலின் போடுகிறவருக்கு எங்கே என்ன கிடைக்கும்

லண்டனில் இருக்கிற சின்னம்மா ஆள் வரும்போது ஒரு குளுக்கோமீட்டர் கொடுத்துவிட்டிருந்தார். அம்மா விடியவே விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, "பதினாலுதான் காட்டுது, நல்லாக் குறைஞ்சிட்டுது" என்று சந்தோசமாகச் சொல்லிக்கொண்டு, அன்றைக்கு வழமையை விட இரண்டு இடியப்பம் கூடவே சாப்பிட்டார். நான் வேலையால் வந்துதான் மெசினை வாங்கிப் பார்த்தேன். 14.2, பக்கத்தில் சின்ன எழுத்தில் மில்லிமோல். இங்கிலாந்திலும் கனடாவிலும் சீனியை மில்லிமோலில்தான் அளக்கிறார்கள், எங்கள் கிளினிக் கொப்பியில் எழுதுவது மில்லிகிராம். மில்லிமோலை மில்லிகிராமாக மாற்ற 18ஆல் பெருக்க வேண்டும். 14.2 என்றால் 255க்கு மேல். வெறும் வயிற்றில்!

வெளிநாட்டு மெசின் வைத்திருக்கிற எல்லா வீட்டுக்காரரும் இதை ஒரு கடதாசியில் எழுதி மெசின் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்: 4 என்றால் 72, 7 என்றால் 126, 10 என்றால் 180. 4க்குக் கீழே போனால் சீனி இறங்குகிறது, உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடத்தில் திரும்பக் குத்திப் பார்க்க வேண்டும்.

சரி, இனி விசயத்துக்கு வருகிறேன். "அங்கே எல்லாருக்கும் கையில் ஒட்டுகிற சென்சர் சும்மா குடுக்கிறாங்களாம், இஞ்ச ஏன் இல்லை?" என்று என்னிடம் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். விரலைக் குத்தாமலே சீனியைத் தொடர்ந்து காட்டுகிற சின்னக் கருவிதான் இந்தச் சென்சர். அங்கேயும் எல்லாருக்கும் இல்லை, விதி இருக்கிறது.

இங்கிலாந்தில் என்.எச்.எஸ் என்கிற அரச சுகாதார சேவை எதைக் கொடுக்கலாம் என்று வழிகாட்டுவது நைஸ் என்ற அமைப்பு. உடம்பு இன்சுலினைச் சுரக்காமல் போகிற முதலாம் வகை நீரிழிவு உள்ள எல்லாருக்கும் சென்சர் கொடுக்கலாம் என்று அது 2022 மார்ச்சில் சொன்னது. இரண்டாம் வகைக்காரர் என்றால் நாளுக்கு இரண்டு தடவையாவது இன்சுலின் போடுகிறவராக இருந்து, அதோடு சீனி அடிக்கடி ஆபத்தாக இறங்குவது, இறங்குவதை உடம்பு உணராமல் இருப்பது, இயலாமையால் தானே விரலைக் குத்திப் பார்க்க முடியாமல் இருப்பது, நாளுக்கு எட்டுத் தடவையாவது குத்த வேண்டிய நிலை, இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். பிறகு 2023 டிசம்பரில், சென்சரும், இன்சுலினை உடம்புக்குள் தொடர்ந்து செலுத்துகிற பம்பும் ஒன்றோடொன்று பேசி, எவ்வளவு இன்சுலின் போக வேண்டும் என்று தானே கூட்டிக் குறைக்கிற கருவிக்கும் சம்மதம் கொடுத்தார்கள். அது முதலாம் வகைக்காரருக்கு மட்டும். பிள்ளைகள், இளம் வயதினர், கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள், அப்புறம் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டுகிற இரத்தப் பரிசோதனை) 7.5 சதவீதமோ அதற்கு மேலோ நிற்கிற பெரியவர்கள், சீனி இறங்கி இறங்கியே வாழ்க்கை குழம்பிப்போகிற பெரியவர்கள். ஐந்து வருடத்தில் படிப்படியாகக் கொடுப்பதாகத்தான் திட்டம். அதனால் அங்கேயும் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற ஒன்ராறியோவில், முதலாம் வகைக்காரரின் பம்புக்கு மாகாண அரசின் 'உதவிக் கருவிகள் திட்டம்' பணம் கொடுக்கிறது, பம்புக்குத் தேவையான சாமான்களுக்கு வருடத்துக்கு 2,400 டொலரும் கொடுக்கிறது. தானாக அளவு காட்டிக்கொண்டிருக்கும் சென்சரை 2022 மார்ச்சில் அதே திட்டத்துக்குள் சேர்த்தார்கள். அதற்கும் சீனி ஆபத்தாக இறங்குவது, இறங்குவது தெரியாமல் போவது என்ற மாதிரியான நிபந்தனை உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே எழுதிக் கொடுக்கிற சென்சர் அந்த நோயாளிக்கு மட்டும். தன்னுடைய பங்கில் இரண்டை மிச்சம் பிடித்து இங்கே அனுப்பச் சொல்லி உறவினரைக் கேட்காதீர்கள். அவருக்கும் அது தேவை, விதிக்கும் அது பிழை.

இனி யாழ்ப்பாணம். அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். கிளினிக், மருந்து, இன்சுலின் எதற்கும் காசு இல்லை. இங்கே குப்பியில் கிடைப்பது பெரும்பாலும் மனித இன்சுலின், அம்மா காலையும் இரவும் போடுகிற கலவை ஊசியும் அதுதான். மனித உடம்பு சுரக்கிற இன்சுலினைப் போலவே செய்யப்பட்டது அது. புதிய வகைகள் வந்த பிறகு, இந்தப் பழைய இன்சுலின் தரம் குறைந்தது என்று நினைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 1977 முதல் இன்சுலின் இருக்கிறது, இப்போது அதில் மனித இன்சுலினும் இருக்கிறது. நேரத்துக்குப் போட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டால் நன்றாக வேலை செய்கிற மருந்து.

யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும் என்றும் இல்லை. தெல்லிப்பளை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்துறை ஆதார வைத்தியசாலைகளிலும் கிளினிக் இருக்கிறது. தீவுப்பகுதியில் இருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிற வயதானவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. சீனி ஒரு நிலைக்கு வந்துவிட்டால், கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியில் உங்களுடைய இன்சுலின் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டு, கிளினிக் டொக்டரிடம் மாற்றல் கடிதம் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. இன்னும் சோதித்தே பார்க்காதவர்கள், 35 வயதைத் தாண்டியிருந்தால், அரச ஆஸ்பத்திரிகளில் இருக்கிற ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்துக்குப் போனால் சீனி, பிரசர், நிறை எல்லாவற்றையும் இலவசமாகப் பார்ப்பார்கள்.

இலவசத்துக்குள் வராதது எது? சென்சரும் பம்பும் கிளினிக்கில் வழக்கமாகத் தருவதில்லை. வீட்டில் குத்திப் பார்க்கிற ஸ்ட்ரிப்பையும் கைக்காசில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய குறையாகத் தெரிகிறது. இன்சுலினை இலவசமாகத் தந்துவிட்டு, எவ்வளவு போட வேண்டும் என்று பார்க்கிற வழியை விலைக்கு விட்டால், ஏழை வீட்டில் ஊசி கண்ணை மூடிக்கொண்டுதான் போடப்படும். வீட்டில் பாவிக்கிற சீனி அளவைக் கருவிகளை உலக சுகாதார நிறுவனம் 2023இல் அத்தியாவசியப் பரிசோதனைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. குறைந்தது முதலாம் வகைப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்குமாவது ஸ்ட்ரிப் மாதாமாதம் கிளினிக்கிலேயே கிடைக்க வேண்டும். பிள்ளை வைத்திருக்கிறவர்கள் சிறுவர் கிளினிக்கில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், தொண்டு உதவியாக ஏதாவது வந்திருக்கலாம்.

அதனால் வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் என்ன கேட்பது என்றால், நான் சொல்வது ஸ்ட்ரிப். ஒரு சென்சர் 10 முதல் 15 நாளில் முடிந்துவிடும், அடுத்தது வராவிட்டால் பழையபடி இருட்டுத்தான். அதோடு சென்சர் பார்ப்பது இரத்தத்தை இல்லை, தோலுக்குக் கீழே உள்ள நீரை, அது சில நிமிடம் பிந்தித்தான் காட்டும். சீனி கிடுகிடுவென்று இறங்கும்போது அந்தச் சில நிமிடம் பெரிது. நடுக்கம், வியர்வை இருந்தால் சென்சர் என்ன சொன்னாலும் விரலைக் குத்திப் பாருங்கள். ஸ்ட்ரிப் கேட்கும்போது மெசினின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், ஏனென்றால் ஒரு மெசினின் ஸ்ட்ரிப் மற்றதுக்குச் சரிவராது. முடிவுத் திகதியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தியாவுக்குப் போய் வருகிறவர்கள் இன்சுலின் குப்பி வாங்கி வந்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே விற்கிற குப்பிகள் பல ஒரு மில்லிலீட்டரில் 40 யூனிட் உள்ளவை. அதை 100 யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது வெறும் 8 யூனிட். மாறிப்போட்டால், 100 யூனிட் குப்பியை 40 யூனிட் சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும், அது உயிராபத்து. 40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100 சிரிஞ்சுக்குச் செம்மஞ்சள் மூடி. மூடியை மட்டும் நம்பாமல் குப்பியிலும் சிரிஞ்சிலும் ஒரே எண் இருக்கிறதா என்று வாசியுங்கள். விமானத்தில் கைப்பைக்குள் கொண்டுவாருங்கள், பெட்டிக்குள் போட்டால் உறைந்து கெட்டுப்போகலாம், டொக்டரின் கடிதமும் கையில் இருக்கட்டும்.

குளிரூட்டி இல்லாத வீட்டில் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். பாவிக்கிற குப்பியைப் பொலித்தீனில் சுற்றி, ஈரமான மண்பானைக்குள் நிழலில் வையுங்கள், எங்கள் சித்திரை வெயிலிலும் குளிர்மை நிற்கும். திறந்த குப்பியை 28 நாளோடு விட்டுவிட வேண்டும். அம்மாவின் குப்பியில் திறந்த திகதியை ஒரு சின்னப் பிளாஸ்டரில் எழுதி ஒட்டுகிறேன். இப்போது கொப்பியில் இரண்டு எண்ணையும் எழுதுகிறோம், மெசினில் வந்தது ஒரு வரிசை, 18ஆல் பெருக்கியது மற்ற வரிசை. போன கிளினிக்கில் டொக்டர் அந்த இரண்டாவது வரிசையைப் பார்த்துத்தான் இரவு ஊசியில் நாலு யூனிட் கூட்டினார்.